நீலப் பெட்டிக்கு எவ்வளவு, ஊசிக்கு எவ்வளவு

மகனே,

கடிதம் என்றால் நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும். உன் நலத்தை விசாரிக்க எனக்குத் தபால் தேவையில்லை. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பால் வாங்கப் போகிற பெண்கள் எல்லாரும் எனக்கு ஒற்றர்கள்தான். நீ புதுக் கடையின் மாடியிலேயே படுத்துக்கொள்வதும், மத்தியானச் சாப்பாட்டை மூலைக் கடையில் முடித்துக்கொள்வதும், கதவுக்குப் பச்சைச் சாயம் அடித்துப் பிடிக்காமல் மறுபடி நீலம் அடித்ததும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டன. ரங்கூன் ரோட்டிலிருந்து நடந்தால் குடை நனைவதற்குள் உன்னிடம் வந்துவிடலாம். வந்தால் பேசுவேன். பேசினால் நீ பதில் சொல்வாய். நீ பதில் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது.

உறையை ஒட்டவில்லை. கொண்டுவருபவர் வாசித்தால் வாசிக்கட்டும். உன் அப்பா ஏற்கெனவே என் நாற்காலிக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார், எழுத்துப்பிழை பார்க்கிறாராம். கடை திறப்பு நல்லபடி முடிந்தால் சனிக்கிழமைப் பெண்களுக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன். இது உனக்கும் எனக்கும் மட்டுமான வழக்கு என்றால் அடுப்படியிலேயே தீர்த்திருக்கலாம். சபை மண்டபத்தின் பின்வராந்தாவில் சனிக்கிழமை பின்னேரம் கூடி உட்கார்ந்து பூத்தையல் தைக்கிற, நூலில் றேந்தை ஓரம் பின்னுகிற அத்தனை பேருக்கும் இதில் பங்கு இருக்கிறது. எல்லாரும் கிளார்க்குமார் வீட்டுப் பெண்கள், யாரும் கூலிக்குத் தைப்பவர்கள் அல்லர். கணவன் கந்தோர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு கைக்கு ஒரு சந்தோஷம் வேண்டும் என்பதற்காகத் தைப்பவர்கள். எனக்கு வயது கூடுதல் என்பதால் நான் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். அது உனக்கும் தெரியும். தெரிந்ததால் வந்த வினைதான் இது.

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீ அரபுத் தெருவில் மரைக்காயரின் தையல் சாமான் கடையில் தொழில் பழகினாய். பிறகு தோளில் பையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகத் தையல் சாமான் விற்றாய். வருகிற சனிக்கிழமை சொந்தமாகக் கடை திறக்கிறாய். என் பெண்கள் எல்லாரையும் திறப்புக்கு அழைத்துவரச் சொன்னாய், சந்தோஷமாகச் சம்மதித்தேன். உடனே பையிலிருந்து நீல அட்டைப் பெட்டிகளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் அடுக்கினாய். உள்ளே வெல்வெட்டு விரித்து, ஒன்றில் கத்தரிக்கோல், ஒன்றில் ஊசிக்கட்டு, ஒன்றில் விரலில் மாட்டுகிற கூடு.

"அம்மா, நீங்கள் ஒருக்காச் சொன்னாப் போதும். இது தையற்காரர் பாவிக்கிற சாமான் இல்லை, பொம்பிளையளுக்கெண்டு தனியாச் செய்தது எண்டு சொல்லுங்கோ. மற்றதை நான் பாத்துக்கொள்ளுறன்."

"உண்மையாத் தனியாவோ செய்தது?"

"பெட்டி தனி அம்மா."

"உள்ளுக்க இருக்கிற சாமான்?"

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. சொல்லமாட்டேன் என்றேன். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாய். "நீங்கள் எல்லாரும் ஏமாறத்தான் ஆசைப்படுறியள், அம்மா. நான் அந்த ஆசைக்கு ஒரு பெட்டி செய்து குடுக்கிறன், அவ்வளவுதான்." ஏமாற்றுகிறவனுக்கு இந்த வீட்டில் சோறு இல்லை என்று நான் சொன்னது அதற்குப் பிறகு. நீ எழும்பி உன் உடுப்புப் பெட்டியைக் கட்டினாய். சோறு இருக்கிறது ராசா. ஒவ்வொரு நாளும் உனக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறேன். மிஞ்சுவதை உன் அப்பா பழஞ்சோறாகச் சாப்பிட்டுவிட்டு உடம்புக்கு நல்லது என்கிறார்.

நீ போனதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு லேஞ்சியின் ஓரத்தை மடித்துத் தைக்கிறேன், பிரிக்கிறேன், மறுபடி தைக்கிறேன், துணி கசங்கிக் கைக்குட்டை என்கிற தோற்றமே போய்விட்டது. ஜன்னலுக்குப் போகிறேன். டிராம் மணி கேட்டால் வாசலுக்குப் போகிறேன். நீ டிராமில் வருகிறவன் இல்லை என்று தெரிந்தும் போகிறேன். உன் வார்த்தை எனக்குள் ஒரு மீன்முள் மாதிரி நிற்கிறது. பொய் என்று தள்ளிவிட முடிந்தால் தள்ளியிருப்பேன். அதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் தொல்லை. எவ்வளவு உண்மை என்று பார்க்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் கத்தரிக்கோலின் கதை. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய புதிதில் எனக்கு இந்த ஊரில் பேச ஆள் இல்லை. அப்பா கந்தோருக்குப் போனால் நானும் சுவரும்தான். ஒரு நாள் மாலை அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். ராபிள்ஸ் பிளேஸில் வெள்ளைக்காரர் கடையில் வாங்கியதாம். உள்ளே உருக்குக் கத்தரிக்கோல், பிடியின் அடியில் ஒரு மணி முத்திரை. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். அதற்குப் பிறகுதான் பூத்தையலை மறுபடி கையில் எடுத்தேன், அதற்குப் பிறகுதான் சபைப் பெண்கள் பழக்கமானார்கள். இந்த ஊர் எனக்கு ஊரானது அந்தக் கத்தரிக்கோலால் என்று சொன்னாலும் சொல்லலாம்.

நீ மரைக்காயர் கடையில் சேர்ந்த வருடம், ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். ஒரு மரப்பெட்டியை உடைத்தாயாம். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் கத்தரிக்கோல்கள், எல்லாவற்றிலும் மணி முத்திரை. பாதியைக் காகிதத்தில் சுற்றி அரபுத் தெருத் தையற்காரர்களுக்கு வைத்தாயாம். மறுபாதியை வெல்வெட்டுப் பெட்டிகளில் போட்டு ராபிள்ஸ் பிளேஸுக்கு அனுப்பினாயாம். அங்கே போனதும் விலை மும்மடங்கு. "அம்மா, உங்கட கத்தரிக்கோலும் அதுதான்" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் என்ன ஒரு குதூகலம். ஒரு வித்தையின் மர்மம் பிடிபட்ட சந்தோஷம் அது. நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். உனக்குக் காரணம் விளங்கவில்லை. எனக்கும் அன்றைக்கு முழுக்க விளங்கவில்லை. கத்தரிக்கோல் அதே கத்தரிக்கோல்தான், நேற்று வெட்டியது போலவே இன்றைக்கும் வெட்டுகிறது, ஆனாலும் அதை எடுக்கும்போதெல்லாம் மும்மடங்கு, மும்மடங்கு என்று காதுக்குள் கேட்டது. இந்த வரியை எழுதும்போது பின்னால் நிற்கிற உன் அப்பா தொண்டையைச் செருமுகிறார். "இஞ்சேரும், அது வேற உருக்கு. தையற்காரன்ர கத்தரிக்கோல் இப்பிடிப் பளபளக்குமோ? எழுதும், வேற உருக்கெண்டு எழுதும்." எழுதிவிட்டேன். அவர் இன்னமும் நம்பவில்லை, நம்பப்போவதும் இல்லை.

அவர் விலை கேட்டுப் பேரம் பேசியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். அவரை அந்தக் கடையில் வைத்து நினைத்துப் பார். கோட்டு, கழுத்துப்பட்டி, கையில் தொப்பி. பக்கத்தில் அவருடைய கந்தோர் துரையின் மனைவி வந்து நிற்கலாம். நானும் புதிதில் கேட்டேன், கொஞ்சம் குறைத்துக் கேட்டிருக்கலாமே என்று. "வெள்ளைக்காரன் கடையில பேரம் பேசினா நாளைக்குக் கந்தோரில என்னை ஆர் மதிப்பினம்?" என்றார். நம் ஆட்கள் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவன் எழுதி ஒட்டிய விலையைக் கேள்வி கேட்டால் தன் உத்தியோகத்தையே கேள்வி கேட்டது போல ஒரு கூச்சம். அதே கத்தரிக்கோலைத் தையற்காரன் அரபுத் தெருவில் சாவகாசமாகக் காலை மடக்கி உட்கார்ந்து, இது சொத்தை அது மொட்டை என்று நாலு குறை சொல்லி வாங்கிப் போகிறான். அந்தத் தெருவுக்கு நாங்கள் போகலாமா? மூட்டைக்கும் கைவண்டிக்கும் நடுவில், சட்டையில்லாத கூலியாட்கள் மத்தியில், கிளார்க்கர் வீட்டுப் பெண் நின்று ஊசி வாங்கினாள் என்றால் அடுத்த ஞாயிறு சபையில் பிரசங்கத்தை யாரும் கேட்கமாட்டார்கள். ஆக, நாங்கள் மும்மடங்கு கொடுப்பது கத்தரிக்கோலுக்கு மட்டும் இல்லை. எங்களை உள்ளே வரவிடுகிற ஒரு வாசலுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். அந்த வாசலைத்தான் நீ இப்போது நீலச் சாயம் அடித்துத் திறக்கிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எந்தக் கடைக்காரரும் உனக்குச் சொல்லித் தந்திருக்கமாட்டார். தேக்கா பாசாரில் நான் மீன்காரனோடு போடுகிற சண்டை உனக்குத் தெரியும். சின்ன வயதில் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்துகொள்வாய். செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, கூடையில் திரும்பப் போட்டு, நாலடி நடந்து, அவன் கூப்பிட்ட பிறகு திரும்பி வருவேன். மீன் வீட்டுக்கு வேண்டும், எல்லார் வயிற்றுக்கும் வேண்டும், அதற்காகப் பேரம் பேசுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. பூத்தையல் ஊசி எனக்கு மட்டும் வேண்டும். அது இல்லாவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. தனக்கென்று, தன் சந்தோஷத்துக்கென்று ஒரு பொருள் வாங்குகிற பெண்ணுக்கு நெஞ்சுக்குள் ஒரு திருட்டு எண்ணம் இருக்கும். திருட்டு எண்ணத்தோடு நிற்கிறவள் பேரம் பேசமாட்டாள். சொன்ன விலையைக் கொடுத்து, சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். இன்னும் ஒன்று, அந்த மீன்காரன் என் மீன்காரன். சொந்தம் என்று நினைப்பதால்தான் அவனோடு கத்துகிறேன். முன்பின் தெரியாத கூடைக்காரன் என்றால் கேட்டதைக் கொடுத்துவிட்டு முகம் பார்க்காமல் நடந்துவிடுவேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. எழும்பிப் போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்துவந்தேன். உன் பழைய சட்டை ஒன்றும் இருந்தது. யார் துவைத்தார்கள் என்று கேட்காதே.

உன் பக்கத்து நியாயத்தையும் நானே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா ஒருதலையாய் எழுதினாள் என்பாய். தையற்காரன் வருகிறான், விரலை நீட்டுகிறான், எடுத்துக்கொண்டு போகிறான். நாங்கள் வந்தால் முழு அலுமாரியும் மேசைக்கு இறங்க வேண்டும். இதை எப்படிப் பிடிப்பது, அதை எங்கே செருகுவது, இந்தச் சிவப்புக்கு அந்தச் சிவப்பு பொருந்துமா, வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் தரலாமா. குடிக்கத் தண்ணீரும் வேண்டும். அவ்வளவுக்கும் பிறகு ஒரு நூல்கண்டோடு போய்விடுவோம், அடுத்த நாள் அதையும் மாற்றக் கொண்டுவருவோம். அந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்று நீ கேட்டால் எனக்கு மறுப்பில்லை. நியாயமான கேள்வி.

நீ பையோடு சபை வராந்தாவுக்கு வந்த நாளையும் மறக்கவில்லை. ஒரு தட்டில் விரற்கூடுகளைக் காகிதத்தில் வைத்தாய், தையற்காரர் விலை. பக்கத்தில் அதே கூடுகளை நீலப் பெட்டியில் வைத்தாய், ராபிள்ஸ் பிளேஸ் விலை. இரண்டும் ஒன்றுதான் என்று நீ மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஒருத்தியாவது காகிதத்தைத் தொட்டாளா? தலைமைக் கிளார்க்கரின் மனைவி காகிதத்தில் இருந்ததை விரலால் ஒதுக்கிவிட்டு, "இது தெருவில தைக்கிறவங்கட சாமான்" என்றார். எல்லாருடைய கையும் நீலத்துக்குத்தான் போனது. என் கையும் போனது. அன்றைக்கு நீ என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம் இப்போதுதான் பிடிபடுகிறது. என் தையல் மேசையின் இழுப்பறையைத் திறந்து பார்த்தால் நீ என்னை மன்னிக்கவே மாட்டாய். ஊசிக்கு நூல் கோக்கிற கம்பி, மடிப்புக்குக் கோடு போடுகிற சக்கரம், பொத்தான் துளை வெட்டுகிற சின்னக் கத்தி, தையல் மிஷினோடு தவணைக்காரன் தலையில் கட்டிவிட்டுப் போன தகடுகள், அவை எதற்கு என்று அவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. எல்லாம் எண்ணெய் போட்டுப் பத்திரமாக இருக்கின்றன. நான் தைப்பது ஒரு ஊசியாலும் ஒரு கத்தரிக்கோலாலும்தான்.

அப்படியானால் ஏமாற ஆசைப்படுகிறோம் என்று நீ சொன்னது சரிதானே என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தேன் மகனே. அழகான பெட்டிக்கு ஆசைப்பட்டோம், ஆசைக்கு விலை கொடுத்தோம், யாருக்கு நட்டம்? மனதைச் சமாதானம் செய்துகொண்டு உன்னை வந்து கூப்பிடலாம் என்றுகூட நினைத்தேன். புதன்கிழமை இராசம்மா வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

இராசம்மாவை உனக்கு நினைவிருக்கும். கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூட முழுதாய்க் காணாத பெண், ரயில்வே கிளார்க்கரின் மனைவி. வராந்தாவில் ஓரமாக உட்கார்ந்து, எல்லாவற்றையும் கண் அகலப் பார்ப்பாள். நூல் கோக்கத் தடுமாறினாள். "அதுக்கொரு சாமான் இருக்கு தங்கச்சி" என்றாய். துணி சுருங்கியது. அதற்கும் ஒரு வட்டச் சட்டம் இருந்தது உன்னிடம். மடிப்புக் கோணியது, சக்கரம் வந்தது. தையல் சொரசொரவென்று நின்றது, தங்கப் பூச்சுக் காது வைத்த ஊசிக்கட்டு நீலப் பெட்டியில் வந்தது. நீ அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அன்பாகத்தான் பேசினாய். நானும் பக்கத்தில் இருந்துகொண்டு, என் மகன் எவ்வளவு பொறுமையாய் விற்கிறான் என்று பூரித்துப்போனேன். கொஞ்ச நாளாக அவள் வரவில்லை. முழுகாமல் இருக்கிறாள் போல என்று பெண்கள் கண்ணடித்துக்கொண்டார்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்கப் போனேன்.

காய்ச்சலும் இல்லை, விசேஷமும் இல்லை. தேநீர் தந்தாள். தையல் எங்கே என்று கேட்டதும் பிஸ்கட் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து திறந்தாள். நீ விற்றது அத்தனையும் அதில் துடைத்து, துணி விரித்து, வரிசையாக அடுக்கியிருந்தது. கல்யாணச் சீதனத்தை வைப்பது போல வைத்திருந்தாள். ஏன் பிள்ளை வருவதில்லை என்றேன். தகரத்தை மூடிக்கொண்டே சொன்னாள். "அண்ணை சொன்ன எல்லாச் சாமானும் வாங்கினனான், மாமி. இனிச் சாமானில குற்றம் சொல்லேலாது. என்ர கைதான் சரியில்லை."

அழவில்லை. சந்தையில் மீன் இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். நான்தான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அவளுடைய கணவனின் காசு போனதைப் பற்றி நான் யோசிக்கவில்லை, காசு இன்னொரு மாதம் வரும். சாமான் ஒன்றும் இல்லாத காலத்தில் தையல் கோணினால், சாமான் இல்லை என்று சொல்லிக்கொண்டு இன்னொரு நாள் முயன்றிருப்பாள். நாம் அந்தச் சாக்கை ஒவ்வொன்றாக அவளுக்கு விற்றுத் தீர்த்துவிட்டோம். கடைசியில் குற்றம் சொல்ல அவளுடைய இரண்டு கைகள்தான் மிஞ்சின. நாம் என்றுதான் எழுதுகிறேன், உன்னை அந்த வராந்தாவுக்குக் கூட்டிவந்தவள் நான்.

அவள் கைவிட்ட துணியை வாங்கிப் பார்த்தேன், ஓரம் தைத்து முடியாத லேஞ்சி ஒன்று. கையில் ஒரு குறையும் இல்லை, தையல் அளவாக விழுந்திருந்தது. துணி மெல்லிய மல். ஊசிதான் தடி. தங்கக் காது ஊசிகள் தடித்த பட்டு நூலுக்கானவை, மல்லில் குத்தினால் ஓட்டைதான் விழும், எந்தக் கை குத்தினாலும் விழும். அவளுக்கு வேண்டியிருந்தது உன் கடையிலேயே மலிவான சாமான். காகிதத்தில் குத்திவைத்திருப்பாயே, தையற்காரர்கள் எடுத்துப் போகிற மெல்லிய ஊசி, அதில் ஒன்று. நானும் அதை அவளிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம், என் வீட்டு ஊசியைக் கொடுத்தனுப்பியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன், வேறொன்று வந்துவிட்டது. "சனிக்கிழமை என்ர மகன்ர கடை திறக்குது. வந்து அவனிட்டயே கேள் பிள்ளை, லேஞ்சிக்கு ஓரம் தைக்க என்ன வேணும் எண்டு. அவன் சொல்லுவான்." ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. வீடு வந்து சேர்கிற வழி முழுக்க, சொல்லுவானா, சொல்லுவானா என்றுதான் கால் நடந்தது. அன்றிலிருந்து இன்னும் அதிகமாக இந்த லேஞ்சியைத் தைத்துத் தைத்துப் பிரிக்கிறேன்.

மரைக்காயர் உனக்குச் சொல்லித் தந்ததை நீ ஒரு முறை என்னிடம் சொன்னாய். "அவங்க பொட்டி கேக்குறாங்க தம்பி, நாம பொட்டி போட்டுக் குடுக்குறோம். ஆனா ஒருத்தர் வந்து கேட்டா, உள்ளதை உள்ளபடி சொல்லிடணும்." நல்ல மனிதர். அரபுத் தெருவுக்கு அந்த விதி போதும், அங்கே வருகிறவன் கேட்கத் தெரிந்தவன். எங்களுக்குக் கேட்கத் தெரியாது ராசா. கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அப்பா மாதிரி நிற்போம், இல்லாவிட்டால் கேட்க என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இராசம்மா மாதிரி நிற்போம். எங்களுக்கு நீ கேட்காமலே சொல்ல வேண்டும். பெட்டி விற்காதே என்று நான் சொல்லவரவில்லை. கத்தரிக்கோலுக்கு இவ்வளவு, நீலப் பெட்டிக்கு இவ்வளவு என்று இரண்டையும் பிரித்துச் சொல். தலைமைக் கிளார்க்கரின் மனைவி அப்படியும் பெட்டியோடுதான் வாங்குவார், நானும் வாங்குவேன், வெல்வெட்டு எனக்குப் பிடிக்கும். இரண்டு நாற்காலி போடு. உட்கார்ந்து பழகிக்கொண்டு போக விரும்புகிறவர்களிடம் அந்த நேரத்துக்கென்று வெளிப்படையாக ஒரு காசு கேள், தருவோம், அது எங்களுக்குக் கௌரவம்கூட. ஊசியின் விலைக்குள் ஒளித்து மட்டும் வாங்காதே. கடை நடத்திப் பார்க்காதவள் சொல்வதற்கென்ன என்று நீ சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. வாடகையும் மரைக்காயரிடம் கடனுக்கு எடுத்த சரக்கும் உன் தலையில் இருப்பது எனக்குத் தெரியும். இரவில் அதைத்தான் நினைத்துப் புரள்கிறேன். நான் சொல்கிறபடி செய்து உன் கடை படுத்துவிட்டால் என்று ஒரு பயம். செய்யாமல் உன் கடை ஓஹோ என்று ஓடினால் என்று அதைவிடப் பெரிய பயம்.

உன் அப்பா இப்போது முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "மும்மடங்கு இருக்காது, ரெண்டு மடங்கு எண்டு வேணுமெண்டா எழுதும்" என்கிறார். பாவம், நம்பத் தொடங்கிவிட்டார். நான் அவர் கையிலிருந்து அதை வாங்கி என் தையல் கூடையில் வைத்துவிட்டேன். அவர் எவ்வளவு கொடுத்தார் என்பது எனக்கும் அவருக்கும் உள்ள கதை. அவர் அதை மனமறிந்து கொடுத்தார், நான் மனமறிந்து வாங்கினேன். கடைக்காரன் மட்டும்தான் எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு நடுவில் நின்றான். நீ அந்த இடத்தில் நிற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை வருவோம். பெண்கள் எல்லாரும் வருவார்கள், சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் முன்னால் இராசம்மா வருவாள், அவளுக்கு முன்னால் நான் போகமாட்டேன். லேஞ்சிக்கு ஓரம் தைக்க என்ன வேணும் அண்ணை என்று அவள் கேட்பாள். பதிலை மேலேயே எழுதிவிட்டேன், இது பரீட்சை இல்லை, உனக்கும் அது தெரிந்ததுதான். தெரிந்ததைச் சொல்வதில்தான் பாரம் இருக்கிறது. பின்னால் அத்தனை பெண்களும் நிற்பார்கள், உன் முதுகுக்குப் பின் நீலப் பெட்டிகள் அடுக்கியிருக்கும், அது உன் கடையின் முதல் விற்பனை. நீ காகிதத்திலிருந்து ஒரு மெல்லிய ஊசியை உருவி அவளிடம் கொடுத்து, இது போதும் தங்கச்சி, உன் கை நல்ல கை என்று சொன்னால், அடுத்ததாக நான் மேசைக்கு வருவேன். வந்து ஒரு நூல்கண்டை எடுத்து, இது சாயம் போகும், அது சிக்கும் என்று நாலு குறை சொல்லி, விலையைக் குறை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி உன்னோடு சண்டை பிடிப்பேன். வெட்கப்படாதே, ஒளிந்துகொள்ள இந்த முறை என் முதுகும் இல்லை.

அவளுக்கு இன்னொரு பெட்டியை எடுத்து வைத்தாயானால், நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன், இந்தக் கடிதத்தைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டவும் மாட்டேன். என் முறை வரும்போது எனக்கும் ஒரு பெட்டி எடுத்துத் தரச் சொல்வேன். நீ சொல்கிற விலையைக் கொடுத்துவிட்டு, பேரம் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

உலையில் உனக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டு இதை முடிக்கிற,
அம்மா